அம்மாவுக்கும் ஓர் உருண்டை மண்

ஊறுகாய் ஜாடியைப் பற்றி இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் ஜாடியை விட்டுவிட்டார்கள், குழந்தையைப் பிடித்துக்கொண்டார்கள்! சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குக் களிமண் வகுப்பு நடத்துகிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியதுதான் காரணம். “அதைப் பற்றி விவரமாக எழுதக் கூடாதா?” என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். “என் நாலு வயதுப் பிள்ளை பூந்தொட்டி மண்ணை எடுத்துத் தின்கிறான், நீங்கள் வேறு மண்ணைக் கையில் கொடுக்கிறேன் என்கிறீர்களே” என்று இன்னொருவர் சண்டைக்கே வந்துவிட்டார். “எங்க வீட்டுப் பெண்ணுக்கு ஆறு வயசாகிறது. கையில் ஒரு பொட்டு மண் பட்டாலும் அழுகிறாள், என்ன செய்யலாம்?” என்று மூன்றாவது கடிதம்.

மண் தின்கிற பிள்ளையை முதலில் கவனித்துவிடுவோம். அது என் தொழிலைச் சேர்ந்ததல்ல, டாக்டரைச் சேர்ந்தது. தவழுகிற குழந்தை எதை எடுத்தாலும் வாயில் வைக்கும், அது வேறு. ஆனால் இரண்டு வயது தாண்டிய பிறகும் மண், சாம்பல், சாக்பீஸ், சிலேட்டுக் குச்சி, சுவரில் உரிகிற சுண்ணாம்பு என்று தேடித் தேடித் தின்றால், அடித்துத் திருத்துகிற விஷயமே இல்லை அது. உடம்பில் இரும்புச் சத்து குறைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ரத்தத்தைச் சோதித்து ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பூச்சி மருந்தும் பாக்கி இருக்கக் கூடாது. ஒன்றிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் கொடுக்கிறார்களே ஆல்பெண்டசோல் மாத்திரை, அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். மண் தின்னுகிற பழக்கம் நிற்கிற வரை களிமண் விளையாட்டு வேண்டாம். கோதுமை மாவைப் பிசைந்து கொடுங்கள், விரலுக்கு அதே வேலைதான்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். தெரு மண் வேறு, நான் குழந்தைகள் கையில் கொடுக்கிற மண் வேறு. தெருவிலும் தோட்டத்திலும் நாயும் பூனையும் அசிங்கம் பண்ணியிருக்கும், கண்ணாடிச் சில்லு கிடக்கும், பூச்சி முட்டை இருக்கும். என்னுடைய களிமண் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் வடிகட்டி, கல்லும் வேரும் நீக்கி, இறுகவிட்டுப் பிசைந்தது. அப்படியிருந்தும் கையில் வெட்டுக்காயமோ சிரங்கோ இருந்தால் அன்றைக்கு வகுப்பு கிடையாது, வேடிக்கைதான். நகம் வெட்டியிருக்க வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு முறுக்குகூடக் கிடைக்காது!

இனி என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் இருப்பது புதுச்சேரியில். இந்த ஊருக்கும் மண்ணுக்கும் பழைய உறவு. பக்கத்து வில்லியனூரின் சுடுமண் பொம்மைகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கலையில் பேர்போன வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இது தலைமுறை தலைமுறையாக வந்த வழி. இன்னொரு வழி 1971-ல் வந்தது. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்று இரண்டு அமெரிக்கர்கள் இங்கே ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யை ஆரம்பித்தார்கள். ஸ்டோன்வேர் என்கிற, கல்லாக இறுகுகிற பாண்டம் அவர்களுடையது. உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி அந்த ஜாதிதான். அங்கே கற்றுக்கொண்டவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் தனித் தனியாகச் சூளை போட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் நான் நாலு வருஷம் வேலை கற்றுக்கொண்டேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கொட்டகை, இரண்டு சக்கரம், ஒரு சின்ன காஸ் சூளை. அவ்வளவுதான் என் ராஜ்யம்.

ஆரம்பத்தில் என் மாமியாருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை. “எம்.ஏ. படிச்ச பொண்ணுன்னு பாத்துக் கட்டி வெச்சேன், இது மண்ணு பிசையுது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வருத்தப்படுவார். நான் பதில் பேசுவதில்லை. ஒரு நாள் அவருக்காகவே ரசம் வைக்க ஓர் அடக்கமான கிண்ணம் செய்து வைத்தேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வேறு கிண்ணத்தில் அவர் ரசம் ஊற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

வாரத்தில் ஐந்து நாள் என் சொந்த வேலை. தட்டு, கோப்பை, ஜாடி, சில சமயம் கண்காட்சிக்கென்று பெரிய உருவங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு குழந்தைகள் வருவார்கள். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வரை. பன்னிரண்டுக்கு மேல் எடுப்பதில்லை. எனக்கு இரண்டு கண்தானே. “இதில் வருமானம் உண்டா?” என்று சிலர் நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். மறைக்க என்ன இருக்கிறது! சில மாதங்களில் என் ஜாடிகள் விற்றுச் சூளைக்கு காஸ் வாங்குவேன், சில மாதங்களில் குழந்தைகள் கொடுக்கிற கட்டணம்தான் அந்த காஸை வாங்கும். உடனே லாபம் பார்க்கலாம் என்று யாரும் நகையை அடகு வைத்துச் சூளை வாங்கிவிட வேண்டாம்.

சரி, வகுப்புக்கு வருவோம்.

முதல் நாள் சக்கரத்தைத் தொட விடமாட்டேன். சினிமாவிலும் செல்போனிலும் பார்த்துவிட்டு எல்லாருமே சக்கரத்தைத்தான் கேட்பார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கைக்குச் சக்கரத்து மண்ணை நடுவில் நிறுத்துகிற பலம் கிடையாது. என் கை சேர்ந்தால்தான் பானை எழும்பும். அப்புறம் அது யார் பானை? ஆகவே ஆளுக்கோர் உருண்டை. பெரிய எலுமிச்சம்பழ அளவு. உள்ளங்கையில் வைத்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. மற்ற விரல்கள் வெளியே, கட்டைவிரல் உள்ளே. மெல்லக் கிள்ளி, கொஞ்சம் திருப்பி, மறுபடி கிள்ளி, மறுபடி திருப்பி... கால் மணி நேரத்தில் ஒரு கிண்ணம் வந்துவிடும். அந்தக் கால் மணி நேரம் கொட்டகையில் இருக்கிற அமைதியை நீங்கள் கேட்க வேண்டும்!

விரலுக்கு இது எவ்வளவு நல்லது தெரியுமா? மூன்று வயதிலேயே பென்சிலைக் கொடுத்து ‘அ’ எழுது, ‘ஏ’ எழுது என்று நெருக்குகிறோம். எழுத்தை வளைக்கிற பலமே அந்தக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இன்னும் வந்திருக்காது. மண்ணைக் கிள்ளுவதும் உருட்டுவதும் அழுத்துவதும் அந்தப் பலத்தைத் தானாகக் கொண்டுவரும். கைக்குப் பயிற்சி கொடுக்கிற மருத்துவ நிபுணர்களும் இதே போன்ற பிசைகிற பொருள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கையில் மண் பட்டால் அழுகிற பெண்ணைப் பற்றிக் கேட்டாரே, அவருக்குச் சொல்கிறேன். என்னிடமும் ஒவ்வொரு கோஷ்டியிலும் அப்படி ஒருத்தி வருவாள். இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டிக்கொண்டு, “மிஸ், கழுவணும், மிஸ், கழுவணும்” என்று நிற்பாள். கட்டாயப்படுத்திக் கையைப் பிடித்து மண்ணில் அமுக்கினால் காரியம் கெட்டது. அவள் பக்கத்திலேயே ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு துண்டும் வைத்துவிடுவேன். எப்போது வேண்டுமானாலும் கழுவலாம் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். மண்ணைக் கொழகொழவென்று இல்லாமல் சற்று இறுகலாகக் கொடுப்பேன். முதலில் கையால் தொடவே வேண்டாம். ஒரு ஸ்பூன், ஒரு குச்சி, ஒரு சின்னப் பூரிக்கட்டை. குச்சியால் குத்துவாள், கோடு போடுவாள், வேப்பிலையைப் பதிப்பாள். இலை நரம்பு மண்ணில் பதிந்திருப்பதைப் பார்த்ததும் ஒரு விரல் தானாக வந்து தடவிப் பார்க்கும். அதற்கு மூன்று சனிக்கிழமை ஆனாலும் ஆகட்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவள் காதுபட “சீ, அழுக்கு!” என்று சொல்வதை நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த வார்த்தை வீட்டிலிருந்துதான் வருகிறது. ஆனால் மண் மட்டுமில்லாமல் சில சாப்பாடு, சில துணி, தலை வாருவது, குளிப்பது எல்லாவற்றுக்குமே தொடுகையில் பதறுகிற குழந்தையாக இருந்தால் குழந்தை டாக்டரிடம் ஒரு முறை சொல்லிவையுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளை என்னால் சமாளிக்க முடியும். அம்மாக்களைத்தான்...!

ஏழு வயதுப் பையன் ஒருவன் யானை செய்தான். தும்பிக்கை உலக்கை கனம், கால்கள் நாலும் நாலு கொழுக்கட்டை, வால் தும்பிக்கையைவிட நீளம். அவன் போக்கில் அது ஒரு நல்ல யானை. கூட்டிப்போக வந்த அம்மா சற்று முன்னதாகவே உள்ளே வந்துவிட்டார். “என்னடா இது, யானையா, பன்னியா? குடு இங்க” என்று வாங்கி, இரண்டே நிமிஷத்தில், நான் பொய் சொல்லவில்லை, அச்சாக ஒரு யானையைக் கொண்டுவந்துவிட்டார். காது விசிறி மாதிரி, தும்பிக்கை வளைந்து, நெற்றியில் பட்டம் வேறு! உடனே செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டு நின்றான்.

அடுத்த சனிக்கிழமை வந்து உட்கார்ந்தான். மண்ணைத் தொடவில்லை. “மிஸ், நீங்களே பண்ணிக் குடுங்க. எனக்கு வராது.”

எத்தனையோ குழந்தைகள் வந்து போகிறார்கள். “எனக்கு வராது” என்று முதல் நாளே யாரும் சொல்வதில்லை. ஐந்து வயதில் எல்லாருக்கும் எல்லாமே வரும். யாராவது கையிலிருந்து பிடுங்கிச் சரிபண்ணிக் கொடுத்த பிறகுதான் அது வராமல் போகிறது. அந்தப் பையனுக்கு நான் எதுவும் செய்து கொடுக்கவில்லை. செய் என்று சொல்லவும் இல்லை. முன்னால் ஓர் உருண்டையை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நாலு வாரம் பாம்பு உருட்டினான், உருட்டி உருட்டி அதை மறுபடி உருண்டையாக்கினான். ஐந்தாவது வாரம் ஒரு கட்டியில் பென்சிலால் குத்திக் குத்தி முப்பது நாற்பது ஓட்டை போட்டிருந்தான். “இதைப் பத்தி எனக்குச் சொல்லேன்” என்றேன். “எறும்பு வீடு. இது ராணி ரூமு. இது அரிசி வெக்கிற ரூமு. இதுல யாரும் வரக் கூடாது” என்றான். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

கவனித்தீர்களா, “இது என்ன?” என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் ‘பார்த்தால் தெரியவில்லை’ என்று நாமே சொன்ன மாதிரி. “ஆகா, பிரமாதம்!” என்று எல்லாவற்றுக்கும் கைதட்டுவதும் வேண்டாம். எட்டு வயசுக்கு மேல் பிள்ளைகள் அதை நம்ப மாட்டார்கள். கண்ணில் படுவதைச் சொன்னால் போதும்: “வால் ரொம்ப நீளமா வெச்சிருக்கியே”, “இந்த ஓரம் எவ்வளவு மெல்லிசா இருக்கு.” மேலே அவர்களே பேசுவார்கள்.

நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை இது. தேவி பிரசாத் என்று ஒருவர், சாந்திநிகேதனில் படித்தவர், அவரும் குயவர்தான். 1944-லிருந்து சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓவியமும் கைவேலையும் சொல்லிக் கொடுத்தார். குழந்தை செய்ததைப் பெரியவர்களின் அளவுகோலை வைத்து அளக்காதீர்கள் என்பதுதான் அவருடைய பேச்சுக்கும் எழுத்துக்கும் சாரம்.

அந்த யானை அம்மாவைப் பற்றி மீதியையும் சொல்ல வேண்டும். அவரைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த இரண்டு நிமிஷமும் நான் அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவர் வந்தபோது தனியாகக் கூப்பிட்டு, ஒரு கிலோ மண்ணை முன்னால் வைத்து, “இது உங்களுக்கு. பையனோடதைத் தொடாதீங்க, இதுல என்ன வேணும்னாலும் பண்ணுங்க” என்றேன். “எனக்கு எதுக்கு மேடம், நான் என்ன குழந்தையா?” என்று சிரித்தார். பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கிறேன், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலை நிமிராமல் ஒரு மயில் செய்துகொண்டிருக்கிறார்! எட்டாம் வகுப்பு படிக்கும்போது வாய்க்கால் மண்ணில் பொம்மை செய்வாராம். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் என்றார். பிள்ளையைத் திருத்த வேண்டும் என்று துறுதுறுத்த கை இல்லை அது. அதற்கே மண் வேண்டியிருந்திருக்கிறது, பாவம், பிள்ளையிடம் இருந்து பிடுங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து என் கொட்டகையில் அம்மாக்களுக்கென்று வெளித் திண்ணையில் ஒரு பலகை. பிள்ளைகள் உள்ளே, அம்மாக்கள் வெளியே, ஆளுக்கோர் உருண்டை. வந்த புதிதில் எல்லாரும் “எனக்கு வராது மேடம்” என்பார்கள்! அவர்களிடமிருந்து யார் எப்போது எதைப் பிடுங்கிக்கொண்டார்களோ, யார் கண்டது?

வில்லியனூர்ப் பக்கத்தில் பானை தட்டுகிற ஓர் ஆயா இருக்கிறார், எனக்கு வேண்டியவர். காசு கொடுத்து மண் பிசையக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “எங்க ஊட்டுப் புள்ளைங்க அடிச்சாக்கூட இதத் தொட மாட்டேங்குதுங்களே கண்ணு!” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துவந்து உட்கார வைத்தேன், ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்துத்தான். சக்கரத்திலிருந்து எடுத்த பானைக்கு அடிப்பாகம் இருக்காது. உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே கட்டையால் தட்டித் தட்டி, ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, உருண்டையான அடி கொண்டுவந்தார். பன்னிரண்டு பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். “மிஸ், உங்களுக்கு இது தெரியுமா?” என்றாள் ஒருத்தி. தெரியாது என்றேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம்!

செய்ததைச் சுடுவதுதான் எங்கள் வேலையில் நெஞ்சு அடித்துக்கொள்கிற இடம். மண் காயக் காயச் சுருங்கும், சுட்டால் இன்னும் சுருங்கும். நான் பயன்படுத்துகிற மண் எல்லாம் முடிந்து பத்தில் ஒரு பங்குக்குமேல் சிறுத்துப்போகும். காதும் காலும் ஒட்டும்போது இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, மண் குழம்பைத் தடவி, அழுத்தி ஒட்ட வேண்டும். சும்மா ஈரத்தில் ஒட்டினால் காய்ந்ததும் யானை ஒரு பக்கம், தும்பிக்கை ஒரு பக்கம். கனமும் விரல் கனத்துக்கு மேல் போகக் கூடாது. பெரிய உருவமானால் உள்ளே குடைந்துவிட வேண்டும். அப்புறம் நிழலில் காய வேண்டும், ஒரு வாரம் பத்து நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று வாரம்கூட ஆகிவிடும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கன்னச் சோதனை ரொம்பப் பிடிக்கும்.

உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று பலரும் சொல்வார்கள். காற்றல்ல, ஈரம்தான் வெடிக்கிறது. நூறு டிகிரி தாண்டியதும் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் பொம்மையைச் சுக்குநூறாக்கிவிடும். அதனால்தான் முதல் சில மணி நேரம் சூளையை மெதுவாக, மிக மெதுவாக ஏற்றுவேன். ஐந்நூறு, அறுநூறு டிகிரியில் மண்ணின் உடம்போடு கலந்திருக்கிற தண்ணீரும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது மண்ணாகத் திரும்பாது. குழந்தைகள் செய்ததை ஆயிரம் டிகிரியோடு நிறுத்திக்கொள்வேன். என் ஸ்டோன்வேர் ஜாடிகள் ஆயிரத்து இருநூற்று எண்பது வரை போகும்.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில உடையும். சூளை பிரிக்கிற அன்று பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரிப்பேன். உடைந்ததை ஒளித்துவைத்துவிட்டு அதே மாதிரி நானே ஒன்று செய்து கொடுத்துவிடலாம், குழந்தைக்குத் தெரியாது என்று ஓர் அம்மா யோசனை சொன்னார். நன்றாகத் தெரியும்! தன் விரல் பதிந்த இடம் தெரியாதா? ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் தாத்தாவுக்கென்று செய்த வெற்றிலைத் தட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. அழுதாள். அழட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “வேறே செய்யலாம்டா” என்று உடனே ஆரம்பிக்கவில்லை. அழுது முடித்துவிட்டு அவளே இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்த்து, “இங்கதான் மிஸ் தடியா இருக்கு, அதான்” என்றாள். சரியான காரணம். எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள். தாத்தாவுக்கு அந்த இரண்டு துண்டுமே போயிற்று. ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் பாக்கு வைத்துக்கொள்கிறாராம்.

குழந்தை செய்த கிண்ணத்தில் சாப்பிடலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். வண்ணம் பூசிய எதிலும் சாப்பாடு வேண்டாம். பேனா வையுங்கள், பூ வையுங்கள். பாண்டத்தின் மேல் பளபளவென்று இருக்கிற மெருகு, உண்மையில் ஒரு வகைக் கண்ணாடிதான். குறைந்த சூட்டில் அது உருக வேண்டும் என்பதற்காகச் சில இடங்களில் ஈயம் கலப்பதுண்டு. அப்படிப்பட்ட பாத்திரத்தில் புளி, எலுமிச்சை, தயிர் என்று புளிப்பாக ஏதாவது வைத்தால் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எவ்வளவு சிறிய அளவானாலும் கெடுதல்தான். மெருகு போட்ட பாத்திரத்தைச் சாப்பாட்டுக்கென்று வாங்கும்போது ஈயம் கலக்காத மெருகுதானா என்று கேட்டு வாங்குங்கள். விற்கிறவருக்கே தெரியவில்லை என்றால் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் மெருகே போடாமல் சுட்ட சட்டி, பானையில் இந்தப் பயம் கிடையாது.

சூளை, வகுப்பு எதுவும் இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் என்ன செய்வது? விநாயக சதுர்த்திக்குப் பிள்ளையார் பிடித்து விற்கிறார்களே, அவர்களிடம் நாலைந்து கிலோ பச்சைக் களிமண் கேட்டு வாங்குங்கள். கொடுப்பார்கள். பிசைந்த ஈர மண்ணாகவே வாங்குங்கள், பொடியாக வாங்கி வீட்டில் குழைக்காதீர்கள். உலர்ந்த களிமண் தூளில் சிலிக்கா இருக்கிறது. தினந்தோறும் வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் பயப்படுவது சூளை நெருப்பைவிட இந்தத் தூசுக்குத்தான். ஆகவே விளையாடி முடிந்ததும் தரையைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். துணியை வாளியில் அலசி அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். குழாயடித் தொட்டியில் ஊற்றினால் அடைத்துக்கொண்டு பிளம்பருக்கு அழ வேண்டும். மிச்ச மண்ணை ஈரத்துணி சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். பூசணம் கட்டினால் பயப்படாதீர்கள், மேலாகச் சுரண்டி எறிந்துவிட்டுப் பிசையலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளையாக இருந்தால் மட்டும் புது மண்ணாக மாற்றிவிடுங்கள்.

பழைய சாக்கு ஒன்றை விரித்து, பிள்ளைக்கோர் உருண்டை, உங்களுக்கோர் உருண்டை. அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள். அவன் உருண்டையில் உங்கள் கை படக் கூடாது. ஒப்பந்தம் அவ்வளவுதான். அவன் உங்களுடையதைத் திருத்த வந்தால் அனுமதியுங்கள், வேடிக்கையாக இருக்கும்.

செய்த பொம்மைகளை ஜன்னலில் நாலு நாள் காயவிட்டுப் பாருங்கள், காட்டுங்கள், கொண்டாடுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அரைகுறையாகக் காய்ந்தது கரையாது. எலும்பாகக் காய்ந்தது மட்டும் ‘குமுகுமு’வென்று குமிழி விட்டு, காது ஒரு பக்கம் தும்பிக்கை ஒரு பக்கமாகச் சரிந்து, பத்து நிமிஷத்தில் வாளி அடியில் குழம்பாகப் படுத்துவிடும். அழுவான் என்று நினைப்பீர்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் இதைத்தான் “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று கேட்கிறார்கள். மறுநாள் மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, குழம்பைப் பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பிசைகிற பதம் வந்துவிடும்.

ஒட்டினது பிய்ந்து வருகிறது, காயும்போது விரிசல் விடுகிறது என்று ஏதாவது இருந்தால் எழுதுங்கள். மண்ணின் நிறம், எங்கே வாங்கினீர்கள், எத்தனை நாள் காய்ந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதி. அடுத்த இதழில் புது மண் சட்டியை வாங்கியதும் எப்படிப் பழக்குவது, எந்தச் சட்டி அடுப்பில் வைத்ததும் விரிகிறது, ஏன் விரிகிறது என்று எழுதுகிறேன்.